கடல் ஆறாகப் பாய்வதைப் பார்க்க எங்கே போகலாம்?

கனடாவில் பிள்ளைகள் இருக்கும் குடும்பங்கள் மலையகத்தில் இப்போது கூடி வருகின்றன. ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கத்திலிருந்து படிக்கப் போன பிள்ளை அங்கேயே வேலை எடுத்து, கொஞ்சம் நிலைத்ததும் அம்மா அப்பாவை விசிட் விசாவில் கூப்பிடுகிறது. போகிறவர்கள் பார்க்க எழுதி வைக்கும் பட்டியலில் நயாகராதான் முதலில் நிற்கும். நிற்கட்டும், அது பார்க்க வேண்டிய அருவிதான். ஆனாலும் டெவனையும் சென் கிளையரையும் பஸ் ஜன்னலில் பார்த்து வளர்ந்த நமக்கு அருவி புதிதில்லை. நம் தீவின் எந்தக் கரையிலும் கிடைக்காத ஒரு காட்சி அந்த நாட்டில் இருக்கிறது. கடல்நீர் ஒரு குறுகிய வாய்க்குள் ஆறு போல நுரைத்துப் பாயும். சில மணி நேரத்தில் அடங்கி அசையாமல் நிற்கும். பிறகு வந்த வழியே திரும்பிப் பாயும். அதற்காக ஒரு நாளோ இரண்டு நாளோ ஒதுக்கச் சொல்லித்தான் இதை எழுதுகிறேன்.

ஒதுக்கினால் எங்கே போவது? கனடாவிலேயே இரண்டு நல்ல இடங்கள் இருக்கின்றன. ஒன்று மேற்குக் கோடியில், மற்றது கிழக்குக் கோடியில். இரண்டுக்கும் போவது லேசான காரியமில்லை. பிள்ளை எந்த ஊரில் இருக்கிறது, உங்கள் முழங்கால் எப்படி, எந்த மாதம் போகிறீர்கள் என்பதைப் பொறுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதலில், நம் நாட்டில் ஏன் இது இல்லை என்று சொல்லிவிடுகிறேன். இலங்கைக் கரையில் கடல் ஏறி இறங்கும் வற்றுப்பெருக்கு மிகச் சிறியது. கொழும்பில் பெரிய பெருக்கு நாளில்கூட உயர்நீருக்கும் தாழ்நீருக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீற்றருக்கு நன்றாகக் குறைவு. காலிமுகத்திடலில் காலை முதல் மாலை வரை உட்கார்ந்திருந்தாலும் கடல் ஏறியதும் இறங்கியதும் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. நான் வகுப்பில் இந்தப் பாடத்தைப் படிப்பித்த காலத்தில் கரும்பலகையில் நிலாவையும் சூரியனையும் வரைந்து கோடு போட்டுக் காட்டுவேன். பிள்ளைகள் பரீட்சைக்குச் சரியாக எழுதிவிடுவார்கள். ஆனால் ஒருவர் முகத்திலும் நம்பிக்கை இருக்காது. பார்த்திராத ஒன்றை எப்படி நம்புவது?

கனடாவின் இரு கரைகளிலும் கடல் பல மீற்றர் ஏறி இறங்குகிறது. அப்படிப்பட்ட கரையில், உள்ளே பெரிய குடா, அதற்கு வாய் மட்டும் ஒடுக்கம் என்று ஓர் இடம் அமைந்துவிட்டால் வெளிக்கடல் ஏறும் வேகத்துக்கு உள்ளே தண்ணீர் போய்ச் சேர முடியாது. வெளியே நீர்மட்டம் உயர்ந்து நிற்கும், உள்ளே தாழ்ந்து கிடக்கும். அந்த இரண்டு மட்டத்துக்கும் நடுவில் கடலே சரிவாகிவிடுகிறது. சரிவில் தண்ணீர் என்ன செய்யுமோ அதைச் செய்கிறது. கடல் வற்றும்போது இதே கதை எதிர்ப் பக்கமாக நடக்கும். ஒரு சுற்று முடிய ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம். ஆகவே இன்று பார்த்த நேரம் நாளைக்கு ஏறக்குறைய 50 நிமிடம் பிந்திப்போகும்.

எந்த நாளில் பாய்ச்சல் பெரிது என்பதை அறிய நமக்கு ஒரு வசதி உண்டு. பௌர்ணமியும் அமாவாசையும் வரும்போதுதான் நிலாவும் சூரியனும் ஒரே கோட்டில் நின்று இழுக்கும். அந்த நாளிலும் அதையடுத்த ஒன்றிரண்டு நாட்களிலும் பெருக்கு பெரிதாக இருக்கும். ஒவ்வொரு போயாவுக்கும் லீவு கிடைக்கும் நாட்டில் பிறந்தவர்களுக்குப் பௌர்ணமித் தேதி மனப்பாடம். கனடாவுக்குப் போகும்போதும் நம் கலண்டர் ஒன்றைப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி மேற்குக் கரை. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், வன்கூவர் நகருக்கு வடமேற்கே, எக்மண்ட் என்ற சிற்றூரை ஒட்டி ஸ்கூக்கம்சக் நெரோஸ் மாகாணப் பூங்கா இருக்கிறது. 1957இல் பூங்காவாக்கினார்கள். ஷிஷால் பூர்வகுடிகளின் நிலம் அது. சீஷெல்ட், சாமன், நெரோஸ் என்று மூன்று நீண்ட கடற்குடாக்கள் மலைகளுக்கு நடுவே உள்ளே நுழைந்து கிடக்கின்றன. மூன்றுக்கும் சேர்த்துக் கடலோடு உள்ள ஒரே வாய், பூங்காவுக்குள் இருக்கும் ஸ்கூக்கம்சக் என்ற இந்த ஒடுக்கம்தான். அதனால்தான் இவ்வளவு மூர்க்கம். பெரிய பெருக்கு நாளில் ஒடுக்கத்தின் ஒரு பக்க நீர்மட்டம் மறுபக்கத்தைவிட இரண்டு மீற்றர் வரை உயர்ந்து நிற்கும். நீரோட்டம் மணிக்கு 30 கிலோமீற்றரை எட்டும்.

நான் பார்த்தது இந்த இடம். கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னாலேயே காட்டுக்குள் நடக்கும்போது இரைச்சல் கேட்கும். மரங்கள் விலகிப் பாறைக்கு வந்ததும் முதலில் மனம் ஏற்றுக்கொள்ளாது. உப்பு வாசம் வருகிறது, பாறையில் கடல் நட்சத்திரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, கண்முன்னே ஓடுவது மட்டும் வெள்ளம் வந்த களனி. நுரையின் நடுவே ஓர் அலை எழும்பி, நகராமல் அதே இடத்தில் நிற்கிறது. கடற்கரையில் நாம் அறிந்த அலை வந்து உடைந்து போய்விடும். இது போகாது. தண்ணீர் அதன் வழியாக ஓடிக்கொண்டே இருக்க, அலையின் உருவம் மட்டும் அங்கேயே நிற்கும். அதன் முகத்தில் கயாக் ஓட்டும் இளைஞர்கள் ஏறி நின்று விளையாடுகிறார்கள். உலகின் பல பக்கங்களிலிருந்தும் இந்த ஓர் அலைக்காக வருகிறார்கள்.

இந்த அலையைக் காண வேண்டுமானால் கடல் உள்ளே பாயும் நேரத்தில் போக வேண்டும், பார்க்கும் இடம் ரோலண்ட் பொயின்ட். கடல் வெளியே வடியும் நேரத்தில் அலை எழும்பாது, பெரும் சுழிகள் தோன்றும். அவற்றை நோர்த் பொயின்டில் இருந்து பார்ப்பது நல்லது. ஒரே தடவைதான் போக முடியும் என்றால் உள்ளே பாயும் நேரத்தையே எடுங்கள். சுழியும் அழகுதான், ஆனாலும் அந்த நிற்கும் அலைக்கு ஈடாகாது.

போகும் வழி கொஞ்சம் நீளம். வன்கூவருக்குப் பக்கத்திலுள்ள ஹோஸ்ஷூ பே துறையிலிருந்து வாகனத்தோடு கப்பலில் ஏறினால் 40 நிமிடத்தில் லாங்டேல். அங்கிருந்து எக்மண்டுக்கு மலையும் கடலுமாக வளைந்து போகும் சாலையில் ஒன்றரை மணி நேரம். பஸ்ஸை நம்பிப் போக முடியாது, கார் வேண்டும். வாகனம் நிறுத்தும் இடத்திலிருந்து ஒடுக்கம் வரை காட்டுப்பாதையில் நாலு கிலோமீற்றர் நடை. திரும்பவும் அதே நாலு. போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்லதண்ணியிலிருந்து சிவனொளிபாத மலை ஏறியவர்களுக்கு இது பெரிய நடையில்லை. படி கிடையாது, பெரும்பாலும் சமதரை, ஓங்கிய மரங்களின் நிழல். ஆனாலும் வேர்கள் குறுக்கே ஓடும், மழை பெய்தால் சேறு. அங்கே மழை பெய்வது நம் நுவரெலியா மாதிரி, எந்த நேரமும் எதிர்பார்க்கலாம். முழங்கால் வலி உள்ளவர்கள் கைத்தடி இல்லாமல் இறங்க வேண்டாம்.

பாறை ஓரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தண்ணீரின் விளிம்பு வரை போய் நிற்கலாம், வேலி எல்லா இடத்திலும் இல்லை. ஈரப்பாறை வழுக்கும். அந்த ஓட்டத்தில் விழுந்தால் நீச்சல் தெரிந்தும் பயனில்லை. பேரப்பிள்ளைகளைக் கூட்டிப் போனால் ஆளுக்கு ஒரு கையைப் பிடித்துக்கொண்டே நில்லுங்கள்.

கிழக்குக் கரைக்கு வருவோம். நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் செயின்ட் ஜோன் என்ற துறைமுக நகரம். நகரின் பேரையே கொண்ட ஆறு, பூர்வகுடிகள் வோலஸ்டோக் என்று அழைக்கும் பெரிய ஆறு, அங்கே ஒரு குறுகிய பாறைப் பள்ளத்தின் வழியே ஃபண்டி குடாவில் விழுகிறது. ஃபண்டி குடா உலகிலேயே பெரிய வற்றுப்பெருக்கு உள்ள இடம். அந்தக் குடாவின் நீளமும் ஆழமும் சேர்ந்து அதில் தண்ணீர் இயல்பாக முன்னும் பின்னும் ஊசலாடும் காலத்தை வற்றுப்பெருக்கின் காலத்துக்கு மிக அருகில் கொண்டுவந்துவிட்டன. அதனால் ஒவ்வொரு பெருக்கும் முந்தின ஊசலுக்கு ஒரு தள்ளு கொடுக்கிறது. குடாவின் உச்சியில் 16 மீற்றர் வரை ஏறி இறங்குகிறது. குடாவின் வாய்ப்பக்கம் இருக்கும் செயின்ட் ஜோனிலேயே 8 மீற்றருக்கு மேல்.

அங்கே நடப்பது இதுதான். கடல் வற்றியிருக்கும்போது ஆற்றின் மட்டம் கடலைவிட நாலு மீற்றருக்கு மேல் உயரம். ஆறு நுரைத்துக்கொண்டு கடலுக்குள் இறங்கும். கடல் ஏறி ஆற்றின் மட்டத்துக்கு வரும்போது எல்லாம் நின்றுபோகும். அந்த அமைதி ஏறத்தாழ இருபது நிமிடம்தான். பிறகு கடல் ஆற்றைவிட உயர்ந்து, ஓட்டம் திரும்பி, ஆறு மேல்நோக்கிப் பாயும். அடியில் பாறை விளிம்புகள் இருப்பதால் இரண்டு திசையிலும் கொந்தளிப்பு வரும். ரிவர்சிங் ஃபோல்ஸ் என்று பேர் வைத்திருக்கிறார்கள். பேரைக் கேட்டு உயரத்திலிருந்து விழும் அருவியைத் தேட வேண்டாம், கீழே கொதிக்கும் தண்ணீரைத்தான் பார்ப்பீர்கள்.

மேற்குக் கரையோடு ஒப்பிட்டால் இங்கே பெரிய வசதி, நடையே இல்லை. நகரத்துக்கு நடுவில், பாலத்தை ஒட்டி, காரை நிறுத்திவிட்டு இறங்கினால் பள்ளத்தாக்கு கண்ணெதிரே. சாலையோரப் பூங்காவில் இருந்து பார்ப்பதற்குச் சதம் செலவில்லை. எழுபது வயதைத் தாண்டியவர்கள், நெஞ்சு நோவுக்கு மருந்து எடுப்பவர்கள், கைக்குழந்தையோடு போகிறவர்கள் எல்லாரும் வசதியாகப் பார்க்கலாம்.

குறையும் உண்டு. பள்ளத்தாக்கின் கரையிலேயே பெரிய காகிதக்கூழ் ஆலை நிற்கிறது, தலைக்கு மேல் பாலத்தில் வாகனம் ஓடுகிறது. காட்டுக்குள் நடந்து போய்த் தனியே கண்டுபிடிக்கிற உணர்வு இங்கே கிடைக்காது. இன்னொன்று, இது ஒருமுறை போய்ப் பார்த்துத் திரும்பும் இடமில்லை. ஆறு கடலுக்கு ஓடுவதை மட்டும் பார்த்தால் அது எந்த ஊரிலும் உள்ள ஆறு. கடல் அதைத் திருப்பித் தள்ளுவதையும் பார்த்தால்தான் வந்த பயணத்துக்குப் பலன். ஆகவே காலையில் ஒருதடவை, ஆறு மணி நேரம் கழித்து ஒருதடவை. நடுவில் நகரத்தைச் சுற்றலாம், சாப்பிடலாம், அறையில் படுத்து எழும்பலாம்.

மாதத்தையும் கவனியுங்கள். வசந்தத்தில் பனி உருகி ஆறு பெருகும்போது, ஏப்ரல் மே மாதங்களில், கடலால் ஆற்றைத் திருப்ப முடியாமல் போகும் நாட்களும் உண்டு. நம் ஆட்கள் பலர் குளிர் முடிந்த உடனே, சித்திரைப் புத்தாண்டு கழித்துத்தான் விமானம் ஏறுகிறார்கள். கிழக்குக் கரை நோக்கமானால் ஜூன் பிற்பகுதிக்குப் பிறகு, செப்டம்பர் வரை உள்ள காலத்தைப் பிடியுங்கள்.

செயின்ட் ஜோன் வரை போனவர்கள் ஹோப்வெல் ரொக்ஸ் பூங்காவையும் விடக்கூடாது. அங்கிருந்து காரில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அங்கே பாய்ச்சல் கிடையாது, ஏற்ற இறக்கம்தான் காட்சி. தாழ்நீரில் படியிறங்கிக் கடலின் அடித்தரையில் நடக்கலாம். தலையில் மரம் முளைத்த பாறைத் தூண்கள் உயர்ந்து நிற்கும். சில மணி நேரம் கழித்து வந்தால் நீங்கள் நடந்த இடத்துக்கு மேலே கயாக் போகும். மவுசாக்கலை நீர்த்தேக்கம் வறட்சியில் இறங்கும்போது பழைய மஸ்கெலியாவின் கோயில் மேலே வரும் அல்லவா, அதைப் பார்க்க நாம் வருடக்கணக்காகக் காத்திருக்கிறோம். ஹோப்வெலில் அப்படி ஒரு தரை ஒரே நாளில் இரண்டு தடவை வெளியே வந்து மறைகிறது. இந்த இரண்டு இடங்களையும் சேர்த்துப் பார்த்தால் கிழக்குக் கரையின் தராசுத் தட்டு நன்றாகவே தாழ்கிறது.

விமானச் சீட்டு எடுக்கும்போது ஓர் எச்சரிக்கை. நியூபவுண்ட்லாந்தில் ஏறக்குறைய இதே பேரில் செயின்ட் ஜோன்ஸ் என்று இன்னொரு நகரம் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் கடல். சீட்டில் நியூ பிரன்ஸ்விக் என்று இருக்கிறதா என்று பிள்ளையை இரண்டு தடவை பார்க்கச் சொல்லுங்கள்.

தூரக் கணக்கு இதில் பெரும்பாலும் முடிவைச் சொல்லிவிடும். நம் சனம் அதிகமாக இருப்பது டொரோண்டோ பக்கம். அங்கிருந்து செயின்ட் ஜோனுக்குக் காரில் 1,400 கிலோமீற்றருக்கு மேல், விமானத்தில் இரண்டு மணி நேரம். வன்கூவருக்கு விமானத்திலேயே ஐந்து மணி நேரம், அதற்கு மேல் கப்பல், கார், நடை. டொரோண்டோவில் இருந்துகொண்டு ஸ்கூக்கம்சக்குக்காக மட்டும் மேற்கே பறப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். வன்கூவரில் பிள்ளை இருந்தால் அதே கணக்கு மறுபக்கமாகத் திரும்பும்.

வன்கூவருக்குத் தெற்கே, அமெரிக்க எல்லைக்கு அப்பால், டிசெப்ஷன் பாஸ் என்ற கடலோரப் பூங்காவும் இருக்கிறது. 1935இல் கட்டிய உயரமான பாலத்தில் நின்று கீழே கடல் ஓடுவதைப் பார்க்கலாம். அழகான இடம், நடையும் குறைவு. ஆனால் ஓட்டத்தின் வேகம் ஸ்கூக்கம்சக்கின் பாதி அளவுதான். அதோடு இலங்கைக் கடவுச்சீட்டுக்கு அமெரிக்க விசா தனியாக வேண்டும். அந்த விசா கையில் இல்லாதவர்கள் இதை யோசிக்கவே வேண்டாம். நோர்வேயில் உறவு இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: பூடோ நகருக்குப் பக்கத்தில் சால்ட்ஸ்ட்ரோமன் இருக்கிறது, உலகின் மிக வலிய வற்றுப்பெருக்கு ஓட்டங்களில் ஒன்று. சாலைப் பாலமும் கரையோரப் பாதையும் உள்ளதால் நடை சிரமமில்லை. அங்கே போகிறவர்கள் கனடாவை நினைத்து ஏங்க வேண்டியதில்லை.

எந்த இடமானாலும் கெடுப்பது ஒன்றுதான், நேரம் தவறிப் போவது. ஓட்டம் அடங்கிய நேரத்தில் போய்ச் சேர்ந்தால் கண்டி வாவி மாதிரித் தண்ணீர் கிடக்கும். நாலு கிலோமீற்றர் நடந்து வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு மனம் கசந்து திரும்புகிறார்கள். இணையத்தில் வன்கூவர் உயர்நீர் நேரத்தைப் பார்த்துவிட்டு அதையே நம்பிப் போவதுதான் காரணம். துறைமுகத்தில் கடல் ஏறி முடியும் நேரமும் ஒடுக்கத்தில் ஓட்டம் நிற்கும் நேரமும் ஒன்றாக இருக்காது. செயின்ட் ஜோனில் உயர்நீருக்கு ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் பிந்தியும், தாழ்நீருக்கு ஏறத்தாழ நாலு மணி நேரம் பிந்தியும்தான் ஓட்டம் அடங்கும். ஸ்கூக்கம்சக்குக்குக் கனடா அரசின் நீரளவை நிறுவனம் தனி அட்டவணையே வெளியிடுகிறது. அதில் சீஷெல்ட் ரெப்பிட்ஸ் என்ற தலைப்பில் பாருங்கள். ஓட்டம் திரும்பும் நேரமும் உச்சமாகும் நேரமும் வேகமும் ஒவ்வொரு நாளுக்கும் இருக்கும். உச்ச நேரத்துக்கு அரை மணி முன்னதாகப் பாறையில் உட்கார்ந்துவிட வேண்டும். கோடையில் அங்கே கடிகாரம் நியம நேரத்தைவிட ஒரு மணி நேரம் முன்னே ஓடும். அட்டவணையில் உள்ள நேரம் அந்த ஒரு மணி நேரத்தைச் சேர்த்ததா சேர்க்காததா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஹட்டன் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கும் அக்கா போன மாதம் இதைக் கேட்கத்தான் வந்தார். மகள் வன்கூவரில். அக்காவின் கணவரான அண்ணன் தோட்டப் பாடசாலையில் அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர்.

“தம்பி, மகளுக்கு லீவு எடுக்க முன்னாலயே சொல்லணுமாம். எந்தத் தேதின்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும்.”

“போயாவுக்கு அடுத்த நாள், அதுக்கும் அடுத்த நாள் பாருங்கக்கா. ஆனா அது மட்டும் போதாது. ஓட்டம் உச்சமாகிற நேரம் பகல்ல வரணும்.”

“ராத்திரியில வந்தா?”

“சத்தம் மட்டும் கேட்டுட்டு வரலாம்.”

அண்ணன் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தவர், “அந்த நாலு கிலோமீற்றர்ல உட்கார இடம் இருக்குமா?” என்றார். அவருக்கு வலது முழங்கால் சரியில்லை. இந்தக் கேள்விக்குப் பிறகுதான் உண்மையான கணக்குப் போட ஆரம்பித்தோம்.

மேற்குக் கரையில் கோடையில் ஆழமான தாழ்நீர் பகல் வேளையில் வரும், மார்கழி தை மாதங்களில் இரவில் வரும். அதனால் பெரிய பெருக்கைப் பகல் வெளிச்சத்தில் பார்க்க ஜூன், ஜூலை வசதி. பொழுதும் இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் சாயும். மதியம் இரண்டு மணிக்கு உச்சம் என்று வைத்துக்கொண்டால், பன்னிரண்டு மணிக்கே நடக்கத் தொடங்க வேண்டும். அண்ணனுக்கு ஒன்றரை மணி நேரமாவது தேவை. அதற்கு லாங்டேலில் பத்து மணிக்கு முன் இறங்க வேண்டும். கோடை வார இறுதியில் ஹோஸ்ஷூ பேயில் வாகன வரிசை நீளும், ஒரு கப்பல் தவறினால் அந்த நாளே போச்சு. இப்படி அவசரப்பட்டு ஓடுவதைவிட முதல் நாளே போய் சீஷெல்ட் நகரில் இரவு தங்குவது நல்லது. அந்த ஊரும் பார்க்க வேண்டிய அமைப்பு. ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் அகல நிலத்தில் ஊர் இருக்கிறது. ஒரு பக்கம் திறந்த கடல், மறுபக்கம் அந்த உள்குடாவின் கடைசி முனை. இந்தச் சிறு நிலம் மட்டும் இல்லாவிட்டால் அங்கே வடக்கே ஒடுக்கத்தில் இவ்வளவு தள்ளுமுள்ளு இருந்திருக்காது.

நடக்க முடியாத நிலை அண்ணனுக்கு வந்தால்? அப்போது கிழக்குக் கரைதான் என்றேன். ஆனால் வன்கூவரிலிருந்து அங்கே போகும் செலவை ஒருவர் கணக்கில் மட்டும் பார்த்தாலே மகளுக்குக் கை கடிக்கும்.

விசாவும் காசும் கைகூடாத நம் வீடுகளைப் பற்றிப் பேசாமல் முடிக்க மனமில்லை. வேகத் தண்ணீரைப் பார்க்கும் ஆசைக்குக் கித்துல்கல போதும். ஹட்டனிலிருந்து கினிகத்தேனை வழியாகக் கொழும்பு பஸ்ஸில் இறங்கிவிடலாம். களனி ஆறு அங்கே பாறைகளுக்கு நடுவே பாய்கிறது, ரப்பர் படகில் கூட்டிப் போகிறார்கள். அந்தத் தண்ணீரும் ஒரு நேரசூசிப்படியே ஏறி இறங்குகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. காசல்ரீ, மவுசாக்கலையில் தேங்கும் நம் மழைநீர் லக்சபான மின்நிலையங்களைக் கடந்து, பொல்பிட்டிய நிலையத்தில் கடைசியாகச் சுழலியைச் சுற்றிவிட்டு ஆற்றில் விழுகிறது. இப்போது அதற்குக் கீழே புரோட்லண்ட்ஸ் அணையும் சேர்ந்துவிட்டது. மின்நிலையம் எப்போது தண்ணீர் விடுகிறது என்பதைப் பொறுத்தே அங்கே ஓட்டம். வானம் வெளுத்திருக்கும் நாளிலும் மட்டம் திடீரென்று ஏறும். அதனால்தான் தெரியாத இடத்தில் குளிக்க இறங்கக் கூடாது என்று சொல்கிறோம். காலையில் அங்குள்ள படகுக்காரர்களிடம் இன்று தண்ணீர் எத்தனை மணிக்கு விடுவார்கள் என்று கேட்டுவிட்டு நாளை அமைத்துக்கொள்ளுங்கள். தலவாக்கலையில் சென் கிளையரும் இப்படித்தான். 2012இல் மேல் கொத்மலைத் திட்டம் ஓடத் தொடங்கிய பிறகு அருவிக்குப் பகல் வேளையில்தான் அளந்து தண்ணீர் விடுகிறார்கள்.

கடலையே பார்க்க வேண்டும் என்பவர்களுக்குத் தெற்கே திக்வெல்லைக்கு அப்பால் குடாவெல்லவில் ஹும்மானய இருக்கிறது. பாறைக்கு அடியில் அலை நுழைந்து, இடுக்கு வழியே மேலே பீறிடும். அதைத் தூக்குவது அலை, வற்றுப்பெருக்குக்கு அதில் பெரிய பங்கில்லை. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் போனால்தான் உயரம் காணலாம். ஹட்டனிலிருந்து ஒரே நாளில் போய்வருவது உடம்புக்கு ஆகாது. பதுளைப் பக்கத்தவர்களுக்கு மட்டக்களப்பு கிட்ட. பிபிலை, செங்கலடி வழியாக இறங்கினால் வாவி. மாரியில் முகத்துவாரம் திறந்து வெள்ளம் கடலுக்குள் பாயும் நாட்களில் அது பெரிய காட்சிதான், ஆனால் அதே வெள்ளத்தில் அந்த ஊர்ச் சனம் வீடு வாசல் இழந்து நிற்கும். அந்த நேரத்தில் வேடிக்கை பார்க்கப் போகச் சொல்ல எனக்கு மனம் வராது.

அக்கா வீட்டில் இப்போது முடிவெடுத்துவிட்டார்கள். ஸ்கூக்கம்சக்தான், ஜூன் மாதம், பொசன் போயா கழிந்த உடனே வரும் நாட்களில் எதில் மதிய நேரத்து உச்சம் விழுகிறதோ அந்த நாள். மகளுக்கு அட்டவணையைப் பார்க்கும் விதத்தை வட்ஸ்அப்பில் எழுதி அனுப்பினேன். சீஷெல்ட்டில் அறை அவள் பார்த்துக்கொள்கிறாள். அண்ணன் தினமும் காலையில் கைத்தடியோடு டிக்கோயா ரோட்டில் நடந்து பழகுகிறார். இந்த வாரம் மூன்று கிலோமீற்றர் வரை வந்திருக்கிறார்.